பிளாக்கின் அடிப்பாகம் அசைகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடித்து வலுவூட்டும் வழிமுறை

டர்போ மாட்டுகிறோம், கேம் மாற்றுகிறோம், ஆர்.பி.எம். எல்லையை ஏற்றுகிறோம். இதெல்லாம் பிளாக்கின், அதாவது என்ஜினின் வார்ப்பு உடலின், மேல்பாதியில் நடக்கிற வேலை. அதற்கான கணக்கு வந்து சேருவது கீழ்ப்பாதியில். கிராங்க் (பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) உட்காரும் மெயின் போர்கள் என்ற துளைகள், அவற்றைத் தாங்கும் குறுக்குச் சுவர்கள், கீழேயிருந்து பிடிக்கும் மெயின் கேப்கள், இவற்றை இறுக்கி வைத்திருக்கும் போல்ட்கள் எல்லாம் கம்பெனி எதிர்பார்த்த சுமைக்காக வார்க்கப்பட்டவை.

சுமை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். போர் (சிலிண்டரின் விட்டம்) 86 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 86 மி.மீ. உள்ள சிலிண்டரில் எரிப்பின் உச்ச அழுத்தம் 100 பார் என்றால், பிஸ்டன் தலையில் இறங்கும் விசை 58 கிலோ நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட ஆறு டன். டர்போவின் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, ஏற்றி 150 பார் ஆக்கினால் ஒன்பது டன்னை நெருங்கும். இது கிராங்க்கைக் கீழே தள்ளுகிறது; தடுத்து நிற்பது மெயின் கேப். இன்னொரு பக்கம், பிஸ்டன், பின், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து 650 கிராம் என்றால், 7000 ஆர்.பி.எம்.மில் மேல் முனையில் அந்த எடையைத் தடுத்துத் திருப்ப ஏறக்குறைய இரண்டு டன் விசை வேண்டும். 9000 போனால் மூன்றே கால் டன். வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற கணக்கு இது. ஆகவே பூஸ்ட் கேப்பைச் சோதிக்கிறது, ஆர்.பி.எம். ராட் போல்ட்டைச் சோதிக்கிறது. 'வி' வடிவ என்ஜினில் இந்த விசை நேராக இறங்காமல் சாய்வாக இறங்குவதால் கேப்பைப் பக்கவாட்டிலும் தள்ளும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசைவை முழுக்க ஒழிக்க முடியாது. ஓரிடத்தில் இறுக்கிக் கட்டினால், அது அடுத்த பலவீனமான இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கேப்பை வலுவாக்கினால் குறுக்குச் சுவருக்குப் போகும். அதனால் எதை மாட்டலாம் என்று பட்டியல் போடுவதற்கு முன், எது அசைகிறது, எந்தத் திசையில் அசைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கீழே உள்ளவை அந்த வரிசையில்தான்: என்ஜினைப் பிரிக்காமல் தெரியும் அறிகுறிகள் முதலில், பிரித்த பிறகு தெரிபவை அடுத்து, வலுவூட்டிய பிறகு வரும் தொல்லைகள் கடைசியில்.

அறிகுறி: சூடானதும் ஆயில் பிரஷர் இறங்குகிறது

டேஷ்போர்டு முள்ளை நம்பி பிளாக்கைப் பிரிக்காதீர்கள். நேரடியாக இயங்கும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி, ஆயில் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு பாருங்கள். ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.முக்கும் 0.7 பார் என்பது பழைய பந்தய வழக்கு. எல்லா என்ஜினுக்கும் பொருந்தும் சட்டமில்லை, ஆனால் தோராயமாக நிலையை அறிய உதவும்.

பிரஷர் குறைவாக இருந்தால் மூன்று கேள்விகள். ஆயில் பெட்ரோல் கலந்து நீர்த்துப் போயிருக்கிறதா? முகர்ந்தாலே தெரியும். ரிலீஃப் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கிறதா? ஃபில்டரில் உலோகம் இருக்கிறதா? மூன்றாவதுதான் தீர்ப்பு சொல்லும். ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புத் தாளைப் பிழிந்து, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிற மினுமினுப்பு, கிராங்க்கைச் சுற்றி உட்காரும் பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறத் துகள் தெரிந்தால் மேல்பூச்சு தீர்ந்து அடித்தளம் தேய்கிறது, இனி ஓட்டாதீர்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் என்றால் கேம், லிஃப்டர், ஆயில் பம்ப் கியர் பக்கம் போய்த் தேட வேண்டும்.

ஃபில்டர் சுத்தம், பிரஷர் மட்டும் குறைவு, பிளாக்கோ அலுமினியம் என்றால் வேறொரு சாத்தியம் இருக்கிறது. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். சூடானதும் மெயின் போர் பெரிதாகும், கிராங்க் அந்த அளவுக்கு வளராது, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, அதாவது கிளியரன்ஸ், திறந்துகொள்ளும். இரும்பு பிளாக்கின் வழக்கப்படி கிளியரன்ஸ் வைத்து அசெம்பிள் செய்திருந்தால் சூட்டில் பிரஷர் நிற்காது. இதற்கு ஸ்டட்டும் கேப்பும் மாற்றிப் பயனில்லை. பேரிங் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

அறிகுறி: சுமை ஏறும்போது அடியிலிருந்து கனத்த தட்டல்

மெயின் பேரிங் சத்தம் ஆழமானது, மந்தமானது, குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வரும். ராட் பேரிங் சத்தம் கூர்மையானது. ஆக்சிலரேட்டரை விட்டு என்ஜின் வேகம் இறங்கும் நேரத்தில் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு சிலிண்டராக இக்னிஷனைத் துண்டித்துப் பாருங்கள். ஒரே சிலிண்டரைத் துண்டித்ததும் சத்தம் அடங்கினால் அந்த ராட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் எதைத் துண்டித்தாலும் சத்தம் குறைந்தால், அவற்றுக்கு நடுவில் உள்ள மெயின்.

அதே கையோடு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுப்பொடி தூவினாற்போல் கரும்புள்ளியோ, அலுமினியப் பொட்டுகளோ இருந்தால் டெட்டனேஷன் நடந்திருக்கிறது. அடிப்பாகம் உடைவதற்கு மிகச் சாதாரணமான காரணம் அதுதான். எரிப்பு அழுத்தம் மெல்ல ஏறாமல் சம்மட்டி அடியாக இறங்கும்போது எந்த கேப்பும் தாங்காது. இக்னிஷன் டைமிங், எரிபொருள் கலவை, இன்டேக் வெப்பம் மூன்றையும் சரிசெய்யாமல் விலையுயர்ந்த கேப்பை மாட்டுகிறவர்கள், அடுத்த முறை உடையப்போவது எது என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அறிகுறி: பிரித்துப் பார்த்தால் பேரிங் ஷெல்கள் ஒரே மாதிரி தேயவில்லை

இங்கே நிதானம் வேண்டும். பேரிங்கின் அரைவட்டத் தகடுகளான ஷெல்களைக் கழற்றும்போதே எந்த மெயின், மேலா கீழா, எந்தப் பக்கம் முன்னோக்கியிருந்தது என்று பின்புறத்தில் பேனாவால் எழுதி, மேசையில் என்ஜினில் இருந்த அதே வரிசையில் அடுக்குங்கள். குவியலாகப் போட்டால் பாதித் தடயம் போய்விடும்.

மெயினின் கீழ் ஷெல் மட்டும் நடுவில் தேய்ந்து, எல்லா மெயினிலும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அது எரிப்பு அழுத்தம். சுமை அதிகம், அல்லது ஆயில் மெல்லியது. பிளாக்கில் கோளாறில்லை.

நடு மெயின்களில் மட்டும் தேய்வு அதிகம், முனைகளில் குறைவு என்றால் இரண்டில் ஒன்று: கிராங்க் வளைகிறது, அல்லது மெயின் போர்கள் ஒரே கோட்டில் இல்லை. கிராங்க்கை முனை மெயின்களில் மட்டும் வைத்து, நடு ஜர்னலில் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க்கின் உருளைப் பகுதி) டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். கிராங்க் நேராக இருந்தால், ஷெல்லெல்லாம் கழற்றிய மெயின் இருக்கைகளின் மேல் துல்லியமான நேர்கோல் ஒன்றை நீளவாட்டில் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். அதிவேக என்ஜினில் பக்கத்துப் பக்கத்துப் போர்களுக்கிடையே 0.0125 மி.மீ., முழு நீளத்துக்கும் சேர்த்து 0.025 மி.மீ. விலகலுக்கு மேல் விடக்கூடாது. ஃபீலர் கேஜ் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லாது. 0.04 மி.மீ. தகடு நுழைந்துவிட்டால் லைன் ஹோனிங் (எல்லா மெயின் போர்களையும் ஒரே கோட்டில் தேய்த்துச் சரிசெய்வது) கட்டாயம் என்று மட்டும் அது சொல்லும். நுழையவில்லை என்பதற்காகத் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம்.

ஷெல்லின் ஓரம் மட்டும் ஒரு பக்கம் பளபளத்தால் ஜர்னல் கூம்பாகத் தேய்ந்திருக்கலாம், அல்லது ஜர்னல் வளைவின் ஆரம் பெரிதாகி ஷெல்லின் ஓரத்தில் முட்டலாம். கிராங்க் கிரைண்டிங் செய்த பிறகு வருவது பெரும்பாலும் இரண்டாவது.

அடுத்தது நம் விஷயத்தின் மையம். மேல் ஷெல்லும் கீழ் ஷெல்லும் சந்திக்கும் கோட்டின் அருகே, மேலே ஒரு பக்கமும் கீழே அதற்கு நேர் எதிர்ப் பக்கமும் தேய்ந்திருந்தால், கேப் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. சந்திப்புக் கோட்டின் இரு பக்கமும், மேல் கீழ் இரண்டு ஷெல்லிலும் தேய்ந்திருந்தால் போர் நீள்வட்டமாகி இடுப்பில் நெருக்குகிறது. ராடின் பெரிய முனையில் இந்த அடையாளம் இருந்தால், அதிக ஆர்.பி.எம்.மில் ராட் நீண்டு இடுப்பு ஒடுங்குகிறது என்று பொருள்; ராட் போல்ட்டின் பிடிப்பு விசை போதவில்லை.

ஷெல்லின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். அங்கே கருத்த, மெருகேறிய திட்டுகள் இருந்தால் ஷெல் தன் இருக்கைக்குள் அசைந்திருக்கிறது. ஷெல்லின் பாதிவட்டம் இருக்கையின் பாதிவட்டத்தைவிட மயிரிழை நீளமாகச் செய்யப்பட்டிருக்கும். கேப்பை இறுக்கும்போது அந்த மிகுதிதான் நசுங்கி ஷெல்லைப் பிடித்து வைக்கிறது. போர் பெரிதாகிவிட்டாலோ கேப் தளர்ந்தாலோ அந்த நெருக்கம் போய்விடும்.

அறிகுறி: கேப் உட்காரும் முகத்தில் கருந்திட்டு, குழி, அரிப்பு

கேப்பைக் கழற்றி, அது பிளாக்கில் பொருந்தும் தட்டையான முகத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நன்றாக இருந்த கேப்பில் எந்திரம் சீவிய கோடுகள் அப்படியே தெரியும். அசைந்த கேப்பில் அந்தக் கோடுகள் மறைந்து, கறுப்பும் துருநிறமும் கலந்த திட்டுகள், சில இடங்களில் உலோகம் பெயர்ந்த குழிகள் இருக்கும். ஒவ்வொரு எரிப்பிலும் சில மைக்ரான் உரசியதன் தடம் அது. திட்டு எந்தப் பக்கம் கனமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் பிடிப்பு குறைவு.

கேப்பைப் பக்கவாட்டில் பிடித்து வைப்பது பிளாக்கில் உள்ள படிவெட்டு. அதில் கேப் லேசான தட்டலில்தான் இறங்க வேண்டும். கையால் வைத்தாலே விழுந்து உட்கார்ந்தால் படிவெட்டு தளர்ந்துவிட்டது. இனி போல்ட் இறுக்கம் மட்டுமே கேப்பைத் தடுக்கிறது.

சரிசெய்யும் வழிகளைக் குறைந்த தலையீட்டிலிருந்து கூடுதல் தலையீட்டுக்குச் சொல்கிறேன்.

முதலாவது ஸ்டட், அதாவது தலையில்லாமல் இரு முனையிலும் மரையுள்ள கம்பி. போல்ட்டை இறுக்கும்போது அது முறுக்கும் இழுப்பும் சேர்ந்து அனுபவிக்கிறது. அதோடு ஒவ்வொரு முறையும் பிளாக்கின் மரை உராய்கிறது. ஸ்டட் பிளாக்குக்குள் அசையாமல் நிற்க, மேலே நுண்மரை உள்ள நட் மட்டும் சுழல்வதால் இழுப்பு சீராக வருகிறது. ஸ்டட்டைப் பிளாக்குக்குள் கையால் திருகி இறக்கினால் போதும். அங்கே டார்க் ரெஞ்ச் (இறுக்கும் முறுக்குவிசையை அளக்கும் ஸ்பேனர்) வைக்க வேண்டாம். நட்டுக்கான டார்க் அளவு ஸ்டட் செய்தவர் தரும் எண்தான், அதுவும் அவர் சொல்லும் லூப்ரிகன்ட்டோடு. கம்பெனி போல்ட்டின் எண்ணை ஸ்டட்டுக்குப் போட்டால் கணக்கு முழுக்கத் தப்பிவிடும். என்ஜின் ஆயில் தடவி இறுக்குவதற்கும், தனி அசெம்பிளி பேஸ்ட் தடவி இறுக்குவதற்கும் ஒரே டார்க்கில் கிடைக்கும் இழுப்பு வேறு வேறு. புது ஸ்டட்களைச் சில முறை இறுக்கித் தளர்த்திய பிறகே கடைசி இறுக்கம்.

இரண்டாவது கேப்பையே மாற்றுவது. வார்ப்பிரும்பு கேப்பின் இடத்தில் எஃகுக் கட்டியிலிருந்து கடைந்த கேப். இரண்டு போல்ட் பிளாக்கில் நான்கு போல்ட் கேப் போடும்போது வெளிப் போல்ட்கள் செங்குத்தாக இறங்கினால் சுவரின் மெல்லிய ஓரத்தில் துளை விழும். ஷெவர்லே 400 ஸ்மால் பிளாக்கில் நடந்தது இதுதான். கம்பெனியே செய்த நான்கு போல்ட் வகையைவிட, இரண்டு போல்ட் பிளாக்கை வாங்கி அதில் வெளிப் போல்ட்கள் சாய்ந்து இறங்கும் கேப்களைப் போடுவதையே என்ஜின் கட்டுகிறவர்கள் விரும்பினார்கள். சாய்ந்த போல்ட் சுவரின் தடித்த பகுதியைப் போய்ப் பிடிக்கும். பக்கவாட்டு அசைவையும் தடுக்கும். போல்ட் எண்ணிக்கையை வைத்து வலுவை எடைபோடுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

கேப் நகர்வு மட்டும்தான் பிரச்சினை, கேப் நல்ல நிலையில் இருக்கிறது என்றால், போல்ட்டைச் சுற்றி உட்காரும் உள்ளீடற்ற டவல் வளையங்கள் போதும். வேலை சிறியது, துல்லியம் பெரிது. துளை மையம் தவறினால் கேப்பே வீண்.

மூன்றாவது பக்கவாட்டு போல்ட். பிளாக்கின் பாவாடைச் சுவர் கிராங்க்கின் மையக்கோட்டுக்குக் கீழேயும் நீண்டிருந்தால்தான் இது சாத்தியம். கிரைஸ்லர் 426 ஹெமியிலும் ஃபோர்டு 427 எஃப்.இ.யிலும் நடு மூன்று கேப்களுக்கு இப்படிப் பக்கவாட்டுப் போல்ட்கள் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வரிசையில் ஒவ்வொரு கேப்புக்கும் கீழிருந்து நான்கு, பக்கத்திலிருந்து இரண்டு, ஆக ஆறு. முதலில் செங்குத்துப் போல்ட்களை முழுதாக இறுக்கிவிட்டுத்தான் பக்கப் போல்ட். கேப்புக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி இருக்கும்படி விட்டு இறுக்கினால் சுவர் உள்ளே வளையும்.

நான்காவது கர்டில், அதாவது எல்லாக் கேப்களையும் சேர்த்துக் கட்டும் ஏணி போன்ற தகடு. நிசான் ஆர்.பி.26 போன்றவற்றில் கம்பெனியே இந்த அமைப்பைத் தந்திருக்கிறது. வெளியில் வாங்கி மாட்டும் கர்டில்களில் தகடு சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) பொருந்தும் பிளாக் விளிம்போடும் இணைகிறதா என்று பாருங்கள். கேப்களை ஒன்றோடொன்று மட்டும் கட்டுகிற தகடு, கேப்கள் முன்பின் ஆடுவதைக் குறைக்கும். அவற்றைப் பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்காது.

கர்டில் மாட்டும் முன் ஒரு சோதனை. எல்லா கேப்களையும் முழு டார்க்கில் இறுக்கிவிட்டு, தகட்டை நட் இல்லாமல் சும்மா மேலே வையுங்கள். ஒவ்வொரு கேப்பின் மேலும் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். ஒரு கேப் தாழ்ந்திருந்தால், ஒரு கால் குட்டையான நாற்காலியில் ஆள் உட்கார்ந்த மாதிரி, தகட்டை இறுக்கும்போது தகடு வளையும் அல்லது கேப் இழுபடும். போர் வட்டம் கெடும். கேப்களின் மேல்முகங்களைப் பிளாக்கிலேயே பொருத்தி வைத்து ஒரே மட்டத்தில் சீவிய பிறகே தகடு.

அறிகுறி: புது ஸ்டட் போட்டதிலிருந்து கிராங்க் இறுக்கமாகச் சுற்றுகிறது

எதிர்பார்க்க வேண்டியதுதான். ஸ்டட்டின் இழுவிசை பழைய போல்ட்டைவிட அதிகம். அதற்கேற்பக் கேப்பும் சுவரும் வேறு விதமாக நசுங்குகின்றன. முன்பு வட்டமாக இருந்த போர் இப்போது வட்டமில்லை. பிடிப்பு மாறினால் போரைத் திரும்பவும் அளக்க வேண்டும். இதைத் தவிர்க்க வழியில்லை, 'பழைய பிளாக், நன்றாகத்தான் ஓடியது' என்ற சமாதானமும் செல்லாது.

அளக்கும் முறை: ஷெல் இல்லாமல், கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, உள்விட்ட டயல் கேஜால் மேல்கீழாக ஒன்றும், சந்திப்புக் கோட்டிலிருந்து விலகி இரு பக்கச் சாய்விலுமாக இரண்டும் எடுங்கள். பிறகு ஷெல்லோடு அதேபோல். ஷெல்லோடு அளக்கும்போது சந்திப்புக் கோட்டில் அளக்காதீர்கள். அங்கே ஷெல்லை வேண்டுமென்றே மெல்லிதாக்கியிருப்பார்கள், எண் ஏமாற்றும். ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே மைக்ரோமீட்டரில் டயல் கேஜைப் பூஜ்யம் வைத்தால் கருவிப் பிழை தானே கழிந்துவிடும். ஜர்னல் விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 60 மி.மீ. ஜர்னலுக்கு 0.06 மி.மீ. கிளியரன்ஸ் என்பது தொடக்கக் கணக்கு. பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய இழை) கடைசியில் ஒரு சரிபார்ப்புக்கு மட்டும் நல்லது.

வட்டம் கெட்டிருந்தால் லைன் ஹோனிங். கேப்பின் பொருந்து முகத்தில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை சீவி, போரைச் சிறிதாக்கி, பின்பு எல்லா மெயினையும் ஒரே நேரத்தில் ஹோன் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். முற்றிலும் புதிய கேப் என்றால் முதலில் லைன் போரிங், அப்புறம்தான் ஹோனிங். எஃகுக் கேப்பும் வார்ப்பிரும்புப் பிளாக்கும் சேர்ந்த போரில் ஹோன் கல் மென்மையான வார்ப்பிரும்பை வேகமாகத் தின்னும். போர் மேல்பக்கம் நகர்ந்துவிடும். அதனால் பெரும்பகுதி உலோகத்தைப் போரிங்கில் எடுத்துவிட்டு, ஹோனுக்குக் கொஞ்சமே மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். கர்டில், பக்கப் போல்ட் எல்லாம் ஓட்டும்போது எப்படி இருக்குமோ அப்படியே இறுக்கிய நிலையில்தான் இந்த வேலை நடக்க வேண்டும். கிராங்க் மையம் சற்று மேலேறுவதால் டைமிங் செயின் தளரும்; கேமும் கிராங்க்கும் செயினால் இணைந்த பிளாக்கில் அதையும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: குறுக்குச் சுவரில் விரிசல்

கேப் போல்ட் துளையின் அடிமூலையிலிருந்து மேலே கேம் பேரிங் போர் நோக்கி ஓடும் மெல்லிய கோடு. கண்ணுக்குத் தெரியாது, வார்ப்பிரும்பில் காந்தத்தூள் சோதனை, அலுமினியத்தில் சாயம் ஊடுருவும் சோதனை. துளை ஓரங்கள், சுவர் பாவாடையோடு சேரும் மூலைகள், லிஃப்டர் பள்ளத்தாக்கு ('வி' என்ஜினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பகுதி) மூன்றையும் கட்டாயம் பாருங்கள்.

ஃபோர்டின் 302 பிளாக் இதற்குப் பாடம். 500 குதிரைத்திறனைத் தாண்டும்போது பிளாக் மெயின் சுவர்களிலும் லிஃப்டர் பள்ளத்தாக்கிலும் நீளவாட்டில் இரண்டாகப் பிளக்கும் என்பது அந்த என்ஜினில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அறிந்தது. கர்டில் மாட்டிய பிளாக்குகளும் பிளந்தன. கேப்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, பிளவு அவற்றுக்கு மேலே ஓடியது.

விரிசல் கண்ட பிளாக்கை உலோகப் பின்களால் தைத்தோ வெல்டிங் செய்தோ மெயின் சுவரில் திரும்பப் பயன்படுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர்ச் சட்டையில் அந்த வேலை செல்லும்; இங்கே செல்லாது. சுவர் தடித்த, தரமான இரும்பில் வார்த்த பந்தயப் பிளாக் வாங்குங்கள், அல்லது சக்தியைக் குறையுங்கள்.

விரிசல் இன்னும் வராத பிளாக்கில் அதைத் தள்ளிப்போடச் சில வேலைகள் உண்டு. வார்ப்பின் கூரான பிசிறுகளைத் தேய்த்து உருண்டையாக்குவது. போல்ட் துளையின் வாயில் முதல் சில மரைகளை நீக்கிப் பள்ளமாக்கி, இழுவிசை சுவரின் ஆழத்தில் போய்ப் பிடிக்கச் செய்வது. கிராங்க் தொகுதியைத் துல்லியமாக பேலன்ஸ் செய்து, பிஸ்டன், ராட் எடையைக் குறைப்பது. கடைசியாகச் சொன்னது சுவரில் விழும் சுமையையே குறைக்கிறது. பலர் அதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

அறிகுறி: சிலிண்டரின் கீழ்ப்பகுதி தடம், பிஸ்டன் ஸ்கர்ட் உரசல்

கீழ்ப்பகுதிச் சிலிண்டர் சுவர் ஆடினால், தண்ணீர்ச் சட்டையின் அடிப்பகுதியைச் சிமென்ட் போன்ற பிளாக் ஃபில்லரால் நிரப்பலாம். தெருவில் ஓடும் வண்டிக்குத் தண்ணீர் பம்ப் துளையின் கீழ்விளிம்புக்கு மேல் போகாதீர்கள். நிரப்பும்போது மெயின் கேப்கள் முழு டார்க்கில், ஹெட்டின் இடத்தில் டார்க் பிளேட் இறுக்கிய நிலையில், பிளாக் மட்டமாக இருக்க வேண்டும். முழுதாக உறைந்த பிறகே போரிங், ஹோனிங், லைன் ஹோனிங். வரிசையை மாற்றினால் செய்த ஹோனிங் எல்லாம் கோணலாகும். நிரப்பிய பிளாக்கில் ஆயில் சூடு கூடும்; ஆயில் கூலர் வையுங்கள்.

அறிகுறி: கிளட்ச் மிதித்தால் கிராங்க் முன்பின் நகர்கிறது

முன் புல்லியில் டயல் கேஜ் வைத்து கிராங்க்கை நெம்புகோலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பல என்ஜின்களில் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை வழக்கம், உங்கள் என்ஜின் கையேட்டின் எண்ணே முடிவு. அதிகமாக இருந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதன் பின்முகம் மட்டும் தேய்ந்திருந்தால் கிளட்ச்தான் தள்ளியிருக்கிறது: கனமான பிரஷர் பிளேட், எப்போதும் முட்டிக்கொண்டிருக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யும் பழக்கம். ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வர்ட்டர் அழுத்தத்தில் உப்பி முன்னே தள்ளலாம். மிட்சுபிஷி 4ஜி63 என்ஜினில், ஃப்ளைவீலை ஏழு போல்ட்டால் பிடிக்கும் கிராங்க் வகை இந்த நகர்வுக்குப் பேர்போனது.

அசெம்பிள் செய்யும்போது த்ரஸ்ட் கேப்பைக் கையளவு இறுக்கத்தில் வைத்து, கிராங்க்கை முன்னும் பின்னும் மெத்தென்ற சுத்தியால் தட்டி, இரு பாதி ஷெல்களின் முகங்களும் ஒரே தளத்தில் வந்த பிறகு இறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு பாதியே முழுச் சுமையையும் தாங்கும்.

அறிகுறி: கிராங்க் முறிந்தது, பேரிங்குகளோ நன்றாக இருக்கின்றன

முதல் த்ரோவின் (கிராங்க்கில் ராட் மாட்டும் வளைவு) ஜர்னல் ஓர வளைவில் முறிவு தொடங்கியிருந்தால் பிளாக்கைக் குறை சொல்லாதீர்கள். முறுக்கதிர்வு. முன்னால் இருக்கும், அதிர்வை அடக்கும் டேம்பரின் ரப்பர் காய்ந்திருக்கலாம், வெளிவளையம் நழுவியிருக்கலாம், அல்லது எடை குறையட்டும் என்று யாரோ வெறும் அலுமினியப் புல்லி மாட்டியிருக்கலாம். டேம்பரை மாற்றாமல் போடும் அடுத்த கிராங்க்கும் அதே இடத்தில் முறியும்.

அறிகுறி: எல்லாம் மாட்டியாயிற்று, இப்போது சம்ப் உட்காரவில்லை, அல்லது ஆயில் கசிகிறது

கர்டில் தகட்டின் தடிப்பு சம்ப்பையும் ஆயிலை உறிஞ்சும் பிக்கப்பையும் கீழே தள்ளும். பிக்கப் வாய்க்கும் சம்ப் தரைக்கும் இடைவெளி 6 முதல் 10 மி.மீ. வரை இருக்க வேண்டும். களிமண் உருண்டை வைத்துச் சம்ப்பைப் பொருத்திக் கழற்றி, நசுங்கிய தடிப்பை அளந்தால் தெரிந்துவிடும். விண்டேஜ் ட்ரே (கிராங்க்குக்கும் சம்ப் ஆயிலுக்கும் நடுவிலுள்ள தகடு), ராட் போல்ட் தலைகள் எதிலும் முட்டுகின்றனவா என்று கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பக்கப் போல்ட் வழியே கசிந்தால் அதன் தலைக்கடியில் சீலன்ட் விட்டுப்போயிருக்கிறது. போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் போடலாம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்த வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் பம்பைத் தனியே சுற்றியோ ஸ்டார்ட்டரில் சுழற்றியோ கேஜில் பிரஷர் ஏறும்வரை காத்திருங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். அசெம்பிளி பேஸ்ட்டின் கறுப்புப் பிசுக்கு இருக்கும், மினுமினுப்பு இருக்கக் கூடாது. முழு பூஸ்ட்டில் சில ஓட்டங்கள் முடிந்த பிறகு சம்ப்பை இறக்கி, அதிகம் அடிவாங்கும் நடு மெயின் கேப் ஒன்றை மட்டும் கழற்றி, ஷெல்லின் சந்திப்புக் கோட்டையும் கேப்பின் பொருந்து முகத்தையும் பாருங்கள். சீவிய கோடுகள் அப்படியே இருந்தால், அதே ஷெல்லை அதே திசையில் வைத்து, அதே டார்க்கில் மூடிவிடலாம்.